எம்ஜிபியில் ஆயில் வெப்பநிலை சென்சார்: எங்கே வைத்தால் முள் உண்மையைச் சொல்லும்?

தம்பி கேட்டது இது. இங்கிலாந்தில் 1971ஆம் ஆண்டில் தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த கூரையுள்ள பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கியிருக்கிறார். முன்பக்கம் ஆயில் கூலர் இருக்கிறது. 150 டிகிரி வரை காட்டும் ஆயில் வெப்பநிலை கேஜ் ஒன்று வாங்கியாயிற்று. சென்சாரை எங்கே பொருத்துவது என்று தெரியவில்லை. ஆயில் பிரஷர் குழாயிலேயே ஒரு டி பீஸ் (T வடிவ இணைப்பு) போட்டு மாட்டிவிடலாம், அரைமணி நேர வேலைதான் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்யலாமா?

செய்யாதீர்கள் தம்பி. அந்த யோசனையைத்தான் முதலில் மனத்திலிருந்து எடுக்க வேண்டும்.

எம்ஜிபியின் 1798 சிசி என்ஜினில், பிளாக்கின் பின்பகுதியில் வலப்பக்கமாக, பிரஷர் கேஜுக்கான சிறிய குழாய் புறப்படுகிறது. அதன் மறுமுனை கேஜோடு முடிந்துவிடும். அந்தக் குழாய்க்குள் ஆயில் அழுத்தத்தைத் தாங்கி நிற்குமே தவிர ஓடாது. ஆற்றில் வெள்ளம் போனாலும் கரையோரக் குட்டையில் தண்ணீர் நகராமல் நிற்கும் அல்லவா, அதே நிலைதான். அழுத்தத்துக்கு ஓட்டம் தேவையில்லை, முள் சரியாகவே காட்டும். வெப்பநிலைக்கு ஓட்டம் தேவை. அங்கே மாட்டிய சென்சார் அதைச் சுற்றியுள்ள பித்தளையின் சூட்டையும் பானட்டுக்குள் இருக்கும் காற்றின் சூட்டையும் கலந்து ஒரு எண்ணைக் காட்டும். என் வண்டியில் ஒரு பட்டறையில் இப்படித்தான் மாட்டிக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டியும் முள் 60ஐத் தாண்டவில்லை. 'ஆயில் குளிர்ச்சியாக இருக்கிறது, நல்லதுதானே' என்று ஒரு கோடைக்காலம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு சம்பில் (என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில்) சென்சார் வைத்தபோதுதான் உண்மையில் 105 டிகிரி இருந்தது தெரிந்தது. தவறான எண்ணைக் காட்டும் கேஜைவிடக் கேஜே இல்லாமல் இருப்பது மேல் என்று அன்று முதல் நினைக்கிறேன், இப்போதும் அதே எண்ணம்தான்.

அப்படியானால் எங்கே வைப்பது? அதற்கு இந்த என்ஜினில் ஆயில் போகும் வழி தெரிந்திருக்க வேண்டும். சம்பிலிருந்து பம்ப் உறிஞ்சுகிறது. அங்கிருந்து பிளாக்கின் பின்புறம் வெளியேறி, ஒரு ஹோஸ் வழியாக முன்னால் ரேடியேட்டருக்கு எதிரே இருக்கும் கூலருக்குப் போகிறது. கூலரில் ஆறிய பிறகு இன்னொரு ஹோஸ் வழியாக ஆயில் ஃபில்டரின் தலைப்பகுதிக்குத் திரும்புகிறது. ஃபில்டரைக் கடந்து பிரதான கேலரிக்கு (பிளாக்குக்குள் ஓடும் முக்கிய ஆயில் வழிக்கு) போய், பேரிங்குகளுக்குப் பிரிகிறது. கடைசியில் சம்பில் சொட்டுகிறது. அதாவது எம்ஜிபியில் கூலர் ஃபில்டருக்கு முன்னால் இருக்கிறது. இதை மறந்துவிட்டு முள்ளைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

சம்பில் சென்சார் வைத்தால், பேரிங்குகளையும் பிஸ்டன்களையும் சுற்றிவந்து சூட்டை வாங்கிய ஆயிலைப் படிக்கிறீர்கள். ஆயில் எவ்வளவு பாடுபடுகிறது என்பதைச் சொல்லும் எண் அது. ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவில் சாண்ட்விச் பிளேட் (சென்சாரைத் திருக மரைத்துளை உள்ள தட்டு) போட்டு வைத்தால், கூலரில் ஆறி, பேரிங்குக்குப் போகப்போகும் ஆயிலைப் படிக்கிறீர்கள். கூலருக்குப் போகும் ஹோஸில் வைத்தால் கிட்டத்தட்ட சம்ப் எண்ணே வரும். திரும்பும் ஹோஸில் வைத்தால் ஃபில்டர் எண் வரும். எல்லாமே சரியான எண்கள்தான், ஆனால் ஒன்றுக்கொன்று வேறு. இன்னொருவர் தன் வண்டியில் 85 என்று சொன்னால், சென்சார் எங்கே இருக்கிறது என்று கேட்காமல் உங்கள் 100ஐ நினைத்துப் பயப்படாதீர்கள்.

என் தேர்வு சம்ப். காரணம், ஆயில் பற்றிப் புத்தகங்களும் ஆயில் தயாரிப்பவர்களும் சொல்லும் வெப்பநிலைகள் பெரும்பாலும் சம்ப் வெப்பநிலையைத்தான் குறிக்கின்றன. கூலர் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கும் கூலருக்கு முந்திய எண்தான் அடிப்படை.

சம்பில் வைக்க இரண்டு வழிகள் உண்டு. எளிய வழி, ட்ரெயின் பிளக்கின் (ஆயில் வடிக்கக் கழற்றும் திருகின்) நடுவில் துளையிட்டு மரை போட்டு, அதில் சென்சாரைத் திருகுவது. இப்படித் தயாராகச் செய்த பிளக்குகள் விற்கிறார்கள். உங்கள் சம்பின் மரைக்குப் பொருந்துவது கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பழைய பிளக்கை லேத்தில் பிடித்துச் செய்துகொள்ளலாம். எட்டில் ஓர் அங்குல என்பிடி (அமெரிக்கக் கூம்புக் குழாய் மரை) மரைக்கு 8.5 மி.மீ. துளை போதும். துளை நடுவிலிருந்து விலகினால் ஒரு பக்கச் சுவர் மெலிந்து, இறுக்கும்போது விரிசல் விடும். அதனால் கையால் துளைக்க வேண்டாம், லேத் வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

இந்த வழியின் பலவீனம், சென்சார் வண்டிக்கு அடியில் துருத்திக்கொண்டு நிற்பது. எம்ஜிபி தாழ்வான வண்டி. வேகத்தடையிலோ கல்லிலோ அடிபட்டால் சென்சார் முறியும், அதோடு ஆயிலும் போகும். ஆகவே நீளம் குறைந்த சென்சாராகப் பாருங்கள். மாட்டிய பிறகு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, வண்டியின் மிகத் தாழ்வான பகுதியைவிட சென்சார் கீழே வருகிறதா என்று நேர்க்கோல் வைத்துப் பாருங்கள். வந்தால் இந்த வழி உங்களுக்கு வேண்டாம். இன்னொன்று, ஆயில் மாற்றும்போது முதலில் வயரைக் கழற்றிவிட்டுத்தான் பிளக்கைத் திருக வேண்டும். மறந்தால் வயர் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும்.

இரண்டாவது வழி, சம்பின் பக்கச் சுவரில் மரையுள்ள ஓர் எஃகுக் குமிழை வெல்டிங் செய்வது. இது நிரந்தரமான, அழகான வேலை. ஆனால் சம்பைக் கழற்ற வேண்டும். எம்ஜிபியில் முன்பக்கப் போல்டுகளை எட்ட, மவுண்டிங் போல்டுகளைக் கழற்றி என்ஜினைக் கொஞ்சம் தூக்க வேண்டிவரும். கிளட்ச் மாற்றவோ வேறு எதற்கோ என்ஜினை வெளியே எடுக்கும் நாளுக்கு இதைத் தள்ளிவையுங்கள். அந்த நாள் வரும்போது குமிழின் இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். டிப்ஸ்டிக்கின் கீழ்க்கோட்டுக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும், ஆயில் குறைந்தாலும் சென்சாரின் நுனி மூழ்கியிருக்க வேண்டும். உள்ளே பம்பின் உறிஞ்சுகுழலையோ கிராங்கையோ தொடக் கூடாது. மாடலிங் களிமண்ணை உள்ளே ஒட்டி, சம்பை வைத்து எடுத்து இடைவெளியை அளந்துவிடுங்கள். வெல்டிங் முடிந்ததும் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு இரவு வைத்தால் ஊசித்துளை இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

சாண்ட்விச் பிளேட் பற்றி ஒரு வார்த்தை. ஆரம்பகால எம்ஜிபிகளில் கிண்ணம் போன்ற உறைக்குள் ஃபில்டர் எலிமெண்ட் இருக்கும், நடுவில் ஒரு நீண்ட போல்ட். அதில் சாண்ட்விச் பிளேட் நேரடியாகப் பொருந்தாது, முதலில் திருகு ஃபில்டருக்கான அடாப்டர் வேண்டும். உங்கள் வண்டியில் முந்தைய உரிமையாளர் எதை மாட்டியிருக்கிறார் என்று பார்த்துவிட்டுப் பணத்தைச் செலவிடுங்கள்.

இப்போது மரை. இந்த வேலையில் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் ஆயில் இணைப்புகள் பெரும்பாலும் பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை). கடையில் கிடைக்கும் சென்சார்கள் எட்டில் ஓர் அங்குல என்பிடியாகவோ, மெட்ரிக் மரையான எம்10 × 1 ஆகவோ, எம்14 × 1.5 ஆகவோ இருக்கும். எட்டில் ஓர் அங்குல பிஎஸ்பிக்கு ஓர் அங்குலத்தில் 28 மரை, என்பிடிக்கு 27. பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஒன்றுக்குள் மற்றது இரண்டு மூன்று சுற்று நன்றாகவே ஏறும், பிறகு இறுகும். 'சரி, கூம்பு மரை, இப்படித்தான் இறுகும்' என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டால் இரண்டு மரையும் போச்சு. மரை அளக்கும் கேஜ் விலை குறைவு, வாங்கிவையுங்கள். எந்தச் சென்சாரையும் முதலில் கையால்தான் திருக வேண்டும்.

நேர் மரை என்றால் செம்பு வாஷர் போடுங்கள். பழைய வாஷரைத்தான் போடவேண்டியிருந்தால் அதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிடுங்கள், செம்பு மறுபடி மெத்தென்று ஆகி நன்றாகப் படியும். கூம்பு மரை என்றால் மரைக்குப் பூசும் பசை கொஞ்சம் போதும், முதல் இரண்டு மரையை விட்டுப் பூசுங்கள். வெள்ளை டெஃப்லான் டேப் வேண்டாம் என்பேன். அதற்கு இரண்டு காரணங்கள். ஒரு துணுக்கு பிய்ந்து ஆயில் வழியில் போனால் எங்கே போய் அடைக்கும் என்று சொல்ல முடியாது. ஒற்றை வயர் சென்சாருக்கு அதன் உடம்புதான் எர்த், டேப் அந்த எர்த்தைக் கெடுக்கலாம்.

கேஜும் சென்சாரும் ஜோடிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சென்சாருக்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். குளிரில் அதன் மின்தடை சில நூறு ஓம், சூடு ஏற ஏறக் குறைந்து சில பத்து ஓமுக்கு வந்துவிடும். கேஜ் அந்தத் தடையைத்தான் டிகிரியாகப் படிக்கிறது. கேஜ் தயாரிக்கும் ஸ்மித்ஸ், விடிஓ கம்பெனிகளில், ஸ்மித்ஸ் சென்சாரின் வளைவு (எந்தச் சூட்டில் எவ்வளவு தடை என்பது) வேறு, விடிஓ சென்சாரின் வளைவு வேறு. விடிஓவிலேயே 120 டிகிரி கேஜுக்கு ஒரு சென்சார், 150 டிகிரி கேஜுக்கு இன்னொன்று. வெளியிலிருந்து பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும். 150க்கான சென்சாரை 120 கேஜில் மாட்டினால் கிட்டத்தட்ட இருபது டிகிரி குறைத்துக் காட்டும். குறைத்துக் காட்டுவதுதான் ஆபத்து, ஏனென்றால் உங்களுக்குச் சந்தேகமே வராது.

ஆகவே வண்டியில் மாட்டுவதற்கு முன்னால் அடுப்படிக்கு வாருங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிடுங்கள். கேஜுக்கு 12 வோல்ட் பேட்டரி இணைப்பு கொடுங்கள், சென்சாரின் உடம்பிலிருந்து ஒரு வயரை பேட்டரியின் நெகடிவ் முனைக்குக் கொடுங்கள். சென்சாரின் நுனி மட்டும் தண்ணீரில் முங்குமாறு ஒரு கம்பியில் தொங்கவிடுங்கள், பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது முள் 100ஐக் காட்ட வேண்டும். இரண்டு மூன்று டிகிரி முன்பின் இருந்தால் பரவாயில்லை. எவ்வளவு வித்தியாசம் என்பதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். (மலையில் இருப்பவர்கள் கவனிக்க: சுமார் 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குக் கிட்டேயே கொதித்துவிடும்.) இந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் யாரும் சென்சார் மாட்டக் கூடாது என்பது என் கட்சி.

வயரிங் பெரிய வேலை இல்லை. ஆனால் உங்கள் வண்டியின் எர்த் எந்தப் பக்கம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1967 வரையான எம்ஜிபிகள் பாசிடிவ் எர்த், பிறகு வந்தவை நெகடிவ் எர்த். உங்களுடையது 1971, நெகடிவ்தான், இருந்தாலும் பேட்டரியில் ஒருமுறை கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். கேஜுக்கான மின்சாரத்தைப் பச்சை வயரிலிருந்து எடுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் லூகாஸ் வயர் வண்ண முறையில் பச்சை என்றால் இக்னிஷன் போட்டதும் உயிர்பெறும், பியூஸ் வழியாக வரும் இணைப்பு. வெள்ளை வயரும் இக்னிஷனில்தான் உயிர்பெறும், ஆனால் பியூஸ் இல்லாதது, அதைத் தொட வேண்டாம். பழைய பியூஸ் பெட்டியின் பியூஸ் 35 ஆம்பியர், இத்தனை சின்ன கேஜுக்கு அது காவல் இல்லை. வழியில் தனியாக 2 ஆம்பியர் பியூஸ் ஒன்று போட்டுவிடுங்கள். கேஜின் விளக்குக்குச் சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயர், எர்த்துக்குக் கறுப்பு.

வெளிர்பச்சை வயரைப் பார்த்து 'இதுவும் பச்சைதானே' என்று இணைத்துவிடாதீர்கள். அது 10 வோல்ட் ஸ்டெபிலைசரிலிருந்து வருவது. ஸ்மித்ஸின் மெதுவாக ஏறும் பழைய ரக கேஜ்களுக்குத்தான் அது. உங்கள் கேஜ் 12 வோல்ட்டில் வேலை செய்வது என்றால் அங்கே இணைத்தால் முள் தடுமாறும்.

வயரைக் கொண்டுபோகும் பாதையில் எம்ஜிபி நமக்கு உதவி செய்திருக்கிறது. கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் என்ஜினின் இடப்பக்கம், ஃபில்டரும் ஆயில் ஹோஸ்களும் வலப்பக்கம். வயரை வலப்பக்கமாகவே கொண்டுபோனால் எக்ஸாஸ்ட் சூடு படாது. ஆனால் ஸ்டார்ட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் அதே பக்கம்தான். அவற்றின் தடித்த வயர்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள். என்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் ஆடும், பாடி ஆடாது. அதனால் என்ஜினிலிருந்து பாடிக்குத் தாவும் இடத்தில் வயரில் கொஞ்சம் தளர்வு விடுங்கள்.

எர்த் பற்றி இன்னொன்று. ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கும் என்ஜினுக்கு பாடியோடு இருக்கும் மின் உறவு அந்தப் பின்னல் எர்த் ஸ்ட்ராப் ஒன்றுதான். ஐம்பது வருட வண்டியில் அது துருப்பிடித்திருக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையை சென்சாரின் அறுகோணத்திலும் மறுமுனையை பேட்டரி நெகடிவிலும் வைத்துப் பாருங்கள். தடை ஏறக்குறைய பூஜ்யமாக வர வேண்டும். எர்த்தில் தடை கூடினால் கேஜ் அதையும் சென்சாரின் தடையோடு சேர்த்துப் படிக்கும், ஆயிலைக் குளிர்ச்சியாகக் காட்டும். ஹெட்லைட் போட்டதும் முள் நகர்ந்தால் கேஜின் எர்த்தில் கோளாறு. சென்சார் வயரைக் கழற்றினால் முள் அடியில் விழ வேண்டும், அதை ஒரு கணம் எர்த்தில் தொட்டால் உச்சிக்குப் போக வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் கேஜும் வயரும் நலம், சந்தேகம் சென்சார் மேலும் எர்த் மேலும்தான். ஓட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று முள் உச்சிக்குப் போய் அங்கேயே நின்றால் பெரும்பாலும் வயர் எங்கோ தோலுரிந்து பாடியைத் தொடுகிறது. ஆயில் ஒரே நொடியில் 150க்குப் போகாது.

ஆயில் வடித்த பிறகு திரும்ப நிரப்ப ஃபில்டரோடு சேர்த்து நாலேகால் லிட்டர், கூலருக்கு இன்னும் கொஞ்சம். ஹோஸையோ ஃபில்டரையோ கழற்றியிருந்தால் நேரடியாக ஸ்டார்ட் செய்யாதீர்கள். காயிலுக்கு வரும் வெள்ளை வயரைக் கழற்றிவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிட்டு, பிரஷர் கேஜில் முள் எழும் வரை ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுழற்றுங்கள். அந்த பம்ப் வெறும் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது பேரிங்குகளை உலர ஓடவிடக் கூடாது.

இனி எண்களைப் படிப்பது. தண்ணீர் ஐந்தாறு நிமிடத்தில் சூடாகிவிடும், ஆயிலுக்குப் பதினைந்து இருபது நிமிடம் வேண்டும். அதுவரை முடுக்காமல் ஓட்டுங்கள். தண்ணீர் முள் நடுவுக்கு வந்ததும் ஆக்ஸிலேட்டரை மிதிப்பவர்கள் இந்த ஒரு கேஜ் வந்த பிறகு பழக்கத்தை மாற்றிக்கொள்வார்கள், நானும் மாற்றிக்கொண்டேன். 20டபிள்யூ-50 மினரல் ஆயிலில் சம்பில் 85 முதல் 110 வரை நிம்மதியான இடம். 120ஐத் தொட்டால் வேகத்தைக் குறைக்கலாம். 130ஐத் தாண்டி நிற்கிறது என்றால் நிறுத்திக் காரணம் தேடுங்கள்.

பிரஷர் முள்ளையும் சேர்த்தே படியுங்கள். எம்ஜிபிக்கு ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ, ஐட்லிங்கில் 10 முதல் 25 என்பது கணக்கு. குளிர்ந்த ஆயிலில் 75 காட்டியது 100 டிகிரியில் 55க்கு வந்தால் அது இயல்பு. இதுவரை 'சூடானதும் பிரஷர் விழுகிறதே' என்று பயந்தவர்களுக்கு, எந்தச் சூட்டில் எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியும். ஒரே 100 டிகிரியில் சென்ற வருடம் 55, இந்த வருடம் 40 என்றால்தான் பேரிங் தேய்கிறது என்று யோசிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் உங்களுக்கு வரப்போகும் ஆச்சரியம் சூடு அல்ல, குளிர். ஜனவரியில் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பாருங்கள், தண்ணீர் 85ல் இருக்கும், ஆயில் 65ஐத் தாண்டத் திணறும். கூலர் எந்நேரமும் காற்றில் நிற்பதுதான் காரணம். ஆயில் இப்படியே குளிர்ந்து கிடந்தால் எரிப்பில் உண்டாகும் நீராவி அதிலிருந்து வெளியேறாது. ராக்கர் கவரின் மூடிக்கு அடியில் வெண்ணெய் போல ஒரு களிம்பு படிவதைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். இதற்கு இரண்டு கூலர் ஹோஸ்களுக்கும் நடுவே ஆயில் தெர்மோஸ்டாட் ஒன்றைச் சேர்க்கலாம். ஏறக்குறைய 80 டிகிரி வரும்வரை ஆயிலின் பெரும்பகுதியைக் கூலருக்கு அனுப்பாமல் திருப்பிவிடும். எம்ஜிபியில் ஹோஸ்கள் ஏற்கெனவே வெளியே ஓடுவதால் இதைச் சேர்ப்பது எளிது. அதை இப்போதே வாங்காதீர்கள். முதலில் சென்சாரை மாட்டி, ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் ஓட்டி, வெளி வெப்பநிலை, வேகம், ஆயில் டிகிரி, பிரஷர் நான்கையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். உங்கள் வண்டிக்கு அது தேவையா என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

முதல் ஓட்டம் முடிந்து வண்டி ஆறியதும் சென்சாரை ஒருமுறை ஸ்பேனரால் தொட்டுப் பாருங்கள், லேசாகத் தளர்ந்திருக்கும். அன்று இரவு அதற்கு நேர் கீழே ஓர் அட்டையை விரித்துவையுங்கள். காலையில் அட்டை சுத்தமாக இருந்தால் சரி. சொட்டு விழுந்திருந்தால் மேலும் இறுக்காமல், கழற்றி வாஷரைப் பாருங்கள். சொட்டு வந்தால் சென்சாரில் என்ன மரை, எந்த வாஷர் போட்டீர்கள் என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.